டோஃபுவில் ருசி ஏன் ஏறுவதில்லை, எப்படி ஏற்றலாம்

சோயாப் பாலை உறைய வைத்துச் செய்யும் டோஃபுவை வாங்கி வந்து, பனீர் பட்டர் மசாலாவில் பனீருக்குப் பதிலாகப் போட்டுப் பார்த்து, "என்ன இது, நனைஞ்ச ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கு" என்று ஒரே தடவையோடு கைகழுவியவர்கள் நிறையப் பேர். தப்பு டோஃபுவின் மேல் இல்லை. அதைப் பனீருக்கு மாற்றாள் ஆக்கியதுதான் தப்பு. பனீரில் ஏறக்குறைய கால்வாசி கொழுப்பு. வெறும் உப்பைத் தூவிச் சாப்பிட்டாலே வாய்க்கு நிறைவாக இருக்கும். டோஃபுவில் கொழுப்பு மிகக் குறைவு, ஏறக்குறைய முக்கால்வாசி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை என்ன செய்வது, உப்பை எப்போது காட்டுவது, மசாலாவை எதில் பொரிப்பது என்ற மூன்றும் பிடிபட்டால் போதும்.

டோஃபுவைத் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிற ஊர்களில் யாரும் அதற்குள் ருசியைத் திணிக்க முயல்வதில்லை. காரமும் உப்பும் தூக்கலான, எண்ணெய் மினுக்கும் கெட்டிக் குழம்பு ஒன்றைச் செய்து, அது டோஃபுவின் மேல் வழுக்கி ஓடாமல் ஒட்டிக்கொள்ளும்படி பார்த்துக்கொள்கிறார்கள். சோறு, குழம்பு உறவு மாதிரிதான். சோற்றில் யாரும் மிளகாய் போட்டு வடிப்பதில்லை.

எந்த டோஃபு எதற்கு

பெட்டியில் அடைத்து வரும் பட்டு டோஃபு, சோயாப் பாலை நீர் வடிக்காமல் தயிர்போல் அப்படியே உறைய வைத்தது. கரண்டி பட்டாலே உடையும். சூப்புக்கும் மெல்லிய குழம்புக்கும் சரி, வறுவலுக்கு உதவாது. மென் டோஃபுவில் நீர் ஓரளவு வடிந்திருக்கும், கட்டியாக நிற்கும், ஆனால் கையில் தூக்கினால் ஆடும். கெட்டி டோஃபு துணியில் கட்டி அழுத்தியது. மிகக் கெட்டி ரகம் தொட்டாலே பனீர் மாதிரி இருக்கும்.

தமிழ்நாட்டுக் கடைகளில் 'சோயா பனீர்' என்று 200 கிராம் பொட்டலத்தில் வருவது பெரும்பாலும் கெட்டி ரகம்தான். (இந்தப் பெயர்தான் மேலே சொன்ன ஏமாற்றத்துக்கெல்லாம் வித்திட்டது.) மலேசியா, சிங்கப்பூர்ச் சந்தைகளில் தௌஹு என்றால் மென்மையானது, தௌகுவா என்றால் அழுத்திய கெட்டி ரகம். முன்கூட்டியே பொரித்து, உள்ளே பொள்ளலாக விற்கிற தௌ போக் இன்னொன்று.

வாங்கும்போது தேதியைப் பார்த்தால் மட்டும் போதாது, பொட்டலத்துக்குள் இருக்கும் நீரையும் பாருங்கள். தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்தால் நல்லது. நீர் கலங்கி, பொட்டலம் உப்பியிருந்தால் வேண்டாம். பிரித்ததும் புளித்த வாடை அடித்தாலோ, மேலே விரல் வழுக்கினாலோ கழுவிச் சமைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். மீந்ததை மூழ்கும் அளவு நல்ல தண்ணீரில் போட்டு மூடி, ஃபிரிட்ஜில் வைத்து, தினம் நீரை மாற்றினால் மூன்று நாள் தாங்கும்.

தண்ணீரை வெளியேற்றுதல்

சமையல் குறிப்புகள் வழக்கமாகச் சொல்வது பாரம் வைப்பது. டோஃபுவைப் பருத்தித் துணியில் சுற்றி, தட்டையான தட்டில் வைத்து, மேலே இன்னொரு தட்டு, அதன்மேல் ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை வைத்து அரை மணி நேரம் விட வேண்டும். இரண்டு கிலோ அரிசிப் பை சரியான எடை. அவசரத்தில் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தால் ஓரங்கள் வெடித்து, வெட்டும்போது துண்டு துண்டாக உதிரும். எடை மெதுவாக வேலை செய்ய வேண்டும். கெட்டி ரகத்துக்கு இது சரி, மென்மையான ரகத்துக்கு ஆகாது.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, பலர் செய்வதில்லை: கொதிக்கும் உப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு. கொதித்ததும் அடுப்பை அணைத்து, வெட்டிய டோஃபுத் துண்டுகளைப் போட்டு 15 நிமிடம் விடுங்கள். தண்ணீரை எடுக்கத் தண்ணீரிலேயே போடுவது கோணலாகத் தெரியும். ஆனால் சூட்டில் சோயாப் புரதம் இன்னும் இறுகி, தன்னிடம் இருக்கும் நீரில் கொஞ்சத்தை வெளியே தள்ளுகிறது. கூடவே உப்பு மேற்பரப்பில் இறங்குகிறது. வடிகட்டித் துணியில் பரப்பினால், துண்டுகள் சூடாக இருப்பதால் மேல் ஈரம் ஆவியாகிப் பறந்துவிடும். பத்து நிமிடத்தில் தொட்டுப் பாருங்கள், ஈரம் தட்டக்கூடாது. ஒரு துண்டைக் கடித்தால் லேசாக உப்புக் கரிக்கும். அந்தக் கரிப்புதான் மேலே சொன்ன மூன்றில் இரண்டாவது. குழம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், உள்ளே உப்பில்லாத டோஃபு கடைசி மெல்லலில் சப்பென்று போய்விடும்.

மூன்றாவது வழி உறைய வைப்பது. பொட்டலத்தோடு ஃபிரீசரில் ஒரு இரவு. உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகும்போது விரிந்து, புரத வலையைக் குத்திக் கிழித்துத் துளைகளாக்கிவிடும். மறுநாள் உருக்கி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அழுத்தினால் தண்ணீர் ஒழுகும், டோஃபு உடையாது. உறைந்திருக்கும்போது மஞ்சளாகத் தெரியும், பயப்பட வேண்டாம், உருகினதும் வெளுத்துவிடும். ஜப்பானில் கோயாசான் மலையின் பெயரால் வழங்கும் கோயா டோஃபு இப்படி உறைய வைத்துக் காய வைத்ததுதான். இந்த ரகம் இறைச்சிபோல் நார் நாராகப் பிய்யும், குழம்பை உண்மையாகவே உறிஞ்சும். ஆனால் வழவழப்பு போய்விடும். கறிக்குழம்பு, குருமா மாதிரி நீண்ட நேரம் கொதிக்கிறவற்றுக்கு இதைப் போடுங்கள், மொறுமொறு வறுவலுக்கு வேண்டாம்.

ஊற வைப்பது வீண் வேலை

சோயா சாஸ், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்து டோஃபுவை இரவு முழுக்க ஊற வைக்கும் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஊறிய ஒரு துண்டைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓரத்தில் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு, நடுவில் பால் வெள்ளை. உள்ளே இருக்கும் துளைகள் ஏற்கெனவே தண்ணீரால் நிரம்பியிருக்கின்றன, புதிதாக வருவதற்கு இடம் இல்லை. மசாலாவில் எண்ணெய் இருந்தால் இன்னும் மோசம், ஈரமான மேற்பரப்பு எண்ணெயை ஏற்காது. போதாததற்கு, ஊறிய துண்டைக் கல்லில் போட்டால் அதில் இருக்கும் சர்க்கரையும் பூண்டும் முதலில் கருகும், டோஃபு அதற்கப்புறம்தான் சிவக்கும்.

வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் வறுக்க வேண்டும், பிறகு சாஸில் போட வேண்டும். வறுத்த டோஃபுவின் மேல் ஓட்டில் இருந்த நீர் ஆவியாகி, அங்கே நுண்ணிய வெற்றிடங்கள் இருக்கும். சூடாக இருக்கும்போதே சாஸில் விழுந்தால் சட்டென்று இழுத்துக்கொள்ளும். இரவு முழுக்க ஊறி நடக்காதது இரண்டு நிமிடத்தில் நடக்கும்.

வறுக்கும் கை

தோசைக்கல்லோ கனமான இரும்புக் கடாயோ நல்லது. கல்லை நன்றாகக் காய வைத்து, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, அது அலையலையாக ஓடும்போது துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் தொடாதீர்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் சொதப்புவது. ஒரு நிமிடத்தில் திருப்பப் பார்த்தால் டோஃபுவின் அடித்தோல் கல்லோடு தங்கிவிடும், தோலுரித்த துண்டுதான் கைக்கு வரும். ஓடு கட்டியதும் தானாகவே கல்லை விட்டுவிடும். தோசைத் திருப்பியை லேசாக நுழைத்துப் பாருங்கள். எதிர்ப்பு இருந்தால் இன்னும் நேரமாகவில்லை.

மொறுமொறுப்பு கூட வேண்டுமென்றால் 200 கிராம் டோஃபுவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளவர், கால் தேக்கரண்டி உப்பு. கல் காய்ந்த பிறகு, போடுவதற்குச் சற்று முன்புதான் பிசறுங்கள். பத்து நிமிடம் முன்னாலேயே பிசறி வைத்தால் மாவு ஈரத்தை இழுத்துப் பசையாகி, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கார்ன்ஃப்ளவர் என்றால் வெள்ளைவெளேரென்று, விரலில் 'கிரீச்' என்று நெரியும் ஸ்டார்ச். மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவு வேறு, அதைப் போட்டால் மணல் ஒட்டியது மாதிரி இருக்கும். அரிசி மாவு போட்டால் ஓடு கடினமாகும், நேரம் கழித்தும் தாங்கும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலப்பது எங்கள் கணிப்பில் வீட்டுக்குச் சிறந்தது.

முழு எண்ணெயில் பொரிப்பதானால் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாவிட்டால் மரக்கரண்டியின் முனையை எண்ணெயில் நனையுங்கள். அதைச் சுற்றிச் சிறு குமிழிகள் நிதானமாக எழுந்தால் சரி. ஈரம் துடைக்காத டோஃபுவைப் போட்டால் எண்ணெய் முகத்துக்குத் தெறிக்கும். இதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அலமாரியில் இருக்க வேண்டியவை

சிச்சுவான் மிளகு. பெயரில்தான் மிளகு, நம் மிளகுக்கும் அதற்கும் சொந்தம் இல்லை. கொங்கண் கரையில் மீன் குழம்புக்குப் போடும் திர்ஃபலும், நேபாளத்துத் திம்மூரும் இதன் நெருங்கிய உறவுகள். நாக்கில் காரத்துக்குப் பதிலாக ஒரு மரமரப்பு, சிறு நடுக்கம் தரும். மணமும் மரமரப்பும் வெளி ஓட்டில்தான், உள்ளே இருக்கும் கறுப்பு விதை பல்லில் நறநறக்கும். விதையையும் காம்பையும் பொறுக்கி நீக்கி, சிறு தீயில் இரண்டு நிமிடம் வறுத்து, பொடித்து, சலித்து வையுங்கள். கறுக்க வறுத்தால் கசப்பு. பொடி சில வாரங்களில் வீரியம் இழந்துவிடும், கொஞ்சமாகப் பொடிப்பது நல்லது.

எள்ளெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. கொரிய, சீனக் குறிப்புகள் சொல்லும் எள்ளெண்ணெய் நம் செக்கு நல்லெண்ணெய் இல்லை. அது எள்ளைக் கருஞ்சிவப்பாக வறுத்த பிறகு பிழிந்தது. சமைக்க அல்ல, இறக்கிய பின் மணத்துக்குச் சில சொட்டு விடுவதற்கு. நல்லெண்ணெயை அப்படி விட்டால் அந்த மணம் வராது. பதிலுக்கு ஒரு மேசைக்கரண்டி எள்ளை வெறும் வாணலியில் படபடவென்று பொரிந்து பழுப்பாகும்வரை வறுத்து, கொரகொரப்பாகப் பொடித்து, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் குழைத்துக்கொள்ளுங்கள். அசலுக்குக் கிட்டத்தில் வரும்.

சோயா சாஸில் இரண்டு. வெளிர் சாஸ் உப்புக்கும் ருசிக்கும், அடர் சாஸ் நிறத்துக்கு. வீட்டில் இருப்பது அடர் சாஸ் மட்டும் என்றால் அளவைப் பாதியாக்கி, மீதி உப்பை உப்பாகவே சேருங்கள், இல்லாவிட்டால் எல்லாம் தார் நிறமாகிவிடும். இந்தோனேசியாவின் கெச்சாப் மானிஸ் என்ற இனிப்பு சோயா சாஸ் பனைவகை வெல்லத்தில் காய்ச்சுவது. கருப்பட்டி இருக்கும் வீட்டில் அதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை: அரை கப் வெளிர் சோயா சாஸ், அரை கப் சீவிய கருப்பட்டி, ஒரு அன்னாசிப்பூ, சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம். கரண்டியின் பின்புறத்தில் படிந்து நிற்கும்போது இறக்கி வடிகட்டுங்கள். ஆறினால் இன்னும் கெட்டியாகும் என்பதால் முன்கூட்டியே நிறுத்த வேண்டும்.

தாய்லாந்து, இந்தோனேசியச் சமையலில் வரும் கலாங்கல் நமக்குப் புதியதல்ல. நாட்டு மருந்துக் கடையின் பேரரத்தைதான். ஆனால் அங்கே கிடைக்கும் காய்ந்த துண்டு கட்டையாக இருக்கும், அரைபடாது. குழம்பில் ஒரு துண்டு போட்டுக் கொதிக்க விட்டு எடுத்துவிடுங்கள். விழுதுக்குப் பச்சைக் கிழங்குதான் வேண்டும்.

மாப்போ டோஃபு

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் உள்ள செங்டூ நகரில் 1862 வாக்கில் தொடங்கிய ஒரு சாப்பாட்டுக் கடையோடு இந்தப் பெயர் சேர்ந்தே வருகிறது. கடைக்காரர் செனின் மனைவி முகத்தில் அம்மைத் தழும்பு. 'மா' என்றால் தழும்பு, 'போ' என்றால் வயதான அம்மாள். பெயர் அப்படியே நின்றுவிட்டது. மூன்று பேருக்கான அளவு இது.

மென் டோஃபு 400 கிராம். கொத்திய இறைச்சி 100 கிராம். அசலில் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியும் நன்றாகவே இருக்கும். சைவத்துக்கு உலர் ஷீட்டாக்கே காளான் ஆறு, ஊற வைத்துப் பொடியாக நறுக்கியது. எண்ணெய் 4 மேசைக்கரண்டி. தோபான்ஜியாங், அதாவது மொச்சை மாதிரித் தடித்த ஒரு வகை அவரையும் மிளகாயும் சேர்த்துப் புளிக்க வைத்த விழுது, 2 மேசைக்கரண்டி. இதற்குப் பேர்போனது செங்டூ பக்கத்துப் பீஷியன். புளித்த கறுப்பு சோயா 1 மேசைக்கரண்டி, அலசி நறுக்கியது. மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி. பொடியாக நறுக்கிய இஞ்சி 1 மேசைக்கரண்டி, பூண்டு 4 பல். தண்ணீர் அல்லது சூப்பு நீர் 300 மில்லி. வெளிர் சோயா சாஸ் 2 தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி. கார்ன்ஃப்ளவர் ஒன்றரை மேசைக்கரண்டி, நாலு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்தது. சிச்சுவான் மிளகுப்பொடி 1 தேக்கரண்டி. வெங்காயத் தாள் ஒரு கைப்பிடி.

டோஃபுவை இரண்டு சென்டிமீட்டர் கட்டங்களாக வெட்டி, லேசாக உப்பிட்ட தண்ணீரில், சலசலவென்று கொதிக்காமல் சிறு தீயில் மூன்று நிமிடம் விட்டு, அங்கேயே இருக்கட்டும். சூடாக இருக்கும் டோஃபு இறுகி நிற்கும், குழம்பில் போட்டபின் உடையாது.

கடாயில் எண்ணெய் காய்ந்ததும் இறைச்சியைப் போட்டு, ஈரம் முழுக்க வற்றி மொறுமொறுப்பாகும்வரை வறுங்கள். ஈர இறைச்சி குழம்பில் கிடந்தால் தனித் துகள்களாக வாயில் நிற்காது. தீயைக் குறைத்து தோபான்ஜியாங்கைப் போடுங்கள். இது கவனிக்க வேண்டிய நேரம். ஒரு நிமிடத்தில் எண்ணெய் ஆரஞ்சு நிறமாகி, பிறகு செக்கச் சிவக்கும். மிளகாயின் நிறமும் மணமும் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் இறங்காது. இங்கே அவசரப்பட்டுத் தண்ணீரை ஊற்றினால் எத்தனை கரண்டி விழுது போட்டாலும் குழம்பு வெளிறித்தான் இருக்கும். தீ கூடினாலும் ஆகாது. விழுது கருகிய கசப்பை எதைப் போட்டாலும் மறைக்க முடியாது, கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. எண்ணெய் சிவந்ததும் கறுப்பு சோயா, இஞ்சி, பூண்டு, கடைசியாக மிளகாய்த்தூள். தூள் விழுந்த பத்து வினாடிக்குள் தண்ணீரை விட்டுவிடுங்கள்.

கொதித்ததும் சோயா சாஸ், சர்க்கரை. டோஃபுவை வடிகட்டிச் சரித்து விடுங்கள். கிளறக்கூடாது. கரண்டியின் முதுகால் மெல்லத் தள்ளுங்கள், அல்லது கடாயை அசையுங்கள். சிறு தீயில் ஐந்து நிமிடம். பிறகு கார்ன்ஃப்ளவர் கரைசலை மூன்று தவணையாக ஊற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் கொதிக்க விடுங்கள். முதல் தவணை குழம்பைக் கெட்டியாக்கும். ஆனால் டோஃபு சூட்டில் மேலும் நீர் விடும், குழம்பு மறுபடி இளகும். அதைப் பிடிக்கத்தான் இரண்டாவதும் மூன்றாவதும். ஒரேயடியாக ஊற்றியவர்கள் தட்டில் போட்ட பத்து நிமிடத்தில் ஓரத்தில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்திருப்பார்கள். முடிவில் குழம்பு ஒவ்வொரு துண்டையும் போர்த்தியதுபோல் இருக்க வேண்டும், சிவப்பு எண்ணெய் ஓரத்தில் மிதக்க வேண்டும். அந்த எண்ணெயைப் பார்த்துப் பயந்து அளவைக் குறைத்தால் இது மாப்போ ஆகாது. வெங்காயத் தாளைத் தூவி, மிளகுப்பொடியை மேலே போட்டு, சூடான வெள்ளைச் சோற்றோடு உடனே பரிமாறுங்கள்.

விழுது, கறுப்பு சோயா, சாஸ் மூன்றிலும் உப்பு உண்டு. தனியாக உப்பு போடவே வேண்டாம். தோபான்ஜியாங் கிடைக்காவிட்டால், மிசோ என்னும் ஜப்பானியப் புளித்த சோயா விழுது ஒரு மேசைக்கரண்டியும் ஊறிய காய்ந்த மிளகாய் அரைத்த விழுது ஒரு மேசைக்கரண்டியும். நன்றாகவே இருக்கும். ஆனால் வேறு பதார்த்தம் என்று தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

கொரியாவின் துபூ ஜோரிம்

வறுத்த டோஃபுவைச் சோயா சாஸில் வற்ற வைக்கும் தொடுகறி இது. அரை மணி நேர வேலை, மூன்று நாள் ஃபிரிட்ஜில் நிற்கும், ஆறினபிறகும் ருசி. தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளக்கூட ஆகும், கொரியர்கள் என்ன நினைப்பார்களோ.

கெட்டி டோஃபு 300 கிராமை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லைகளாக வெட்டி, துணியில் ஒற்றி, உப்பு தூவிப் பத்து நிமிடம் வைத்து, மறுபடி ஒற்றுங்கள். கல்லில் இருபுறமும் பொன்னிறமாக வறுங்கள். மாவு வேண்டாம். சாஸ்: வெளிர் சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 100 மில்லி, கொச்சுகாரு 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு 3 பல், நறுக்கிய வெங்காயத் தாள். கொச்சுகாரு விதை நீக்கி, கொரகொரப்பாக உடைத்த, காரம் மிதமான மிளகாய். அதற்குக் காஷ்மீரி அல்லது பியாட்கி மிளகாயை விதை உதறி மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டது பொருந்தும். குண்டூர் மிளகாய்த்தூள்தான் இருக்கிறது என்றால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள்.

அகலமான வாணலியில் ஒரு வெங்காயத்தை வட்டமாக நறுக்கிப் பரப்பி, மேலே வில்லைகளை அடுக்கி, சாஸை ஊற்றி, மிதமான தீயில் எட்டு நிமிடம். இடையிடையே சாஸை அள்ளி மேலே விடுங்கள். அடியில் மூன்று மேசைக்கரண்டி அளவு சாஸ் மிஞ்சும்போது நிறுத்தி, எள்ளெண்ணெய் 2 தேக்கரண்டி, வறுத்த எள். முழுக்க வற்றவிட்டால் உப்பு கரிக்கும். வெங்காயப் படுக்கை டோஃபு அடிபிடிக்காமல் காக்கும்.

வியட்நாமின் எலுமிச்சைப்புல் டோஃபு

இதில் எல்லாம் எலுமிச்சைப்புல்லை நறுக்கும் கையில்தான். மூன்று தண்டு. வெளிப்புறத்து இரண்டு மூன்று இலையை உரித்துப் போட்டு, அடியிலிருந்து எட்டுப் பத்து சென்டிமீட்டர் வெளிறிய பாகத்தை மட்டும் எடுங்கள். முதலில் குறுக்கே காகிதம்போல் மெல்லிய வட்டங்களாக வெட்டி, அப்புறம் மிக்ஸியில் தண்ணீர் விடாமல் துருவலாக்குங்கள். முழுத் தண்டை மிக்ஸியில் தள்ளினால் நார் நீளநீளமாக நிற்கும், சாப்பிடுவது கயிற்றை மெல்லும் கதையாகிவிடும். டீக்கென்று விற்கும் காய்ந்த புல் இதற்கு உதவாது.

கெட்டி டோஃபு 300 கிராம், உப்புத் தண்ணீரில் விட்டு, துடைத்து, முக்கோணமாக வெட்டிப் பொரித்து வையுங்கள். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் நசுக்கிய சின்ன வெங்காயம் நான்கு, பூண்டு மூன்று பல், எலுமிச்சைப்புல் துருவல், நறுக்கிய சிவப்பு மிளகாய் இரண்டு, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. சிறு தீயில் ஐந்தாறு நிமிடம், புல் தங்க நிறமாகி உலர்ந்து உதிரும்வரை. பழுப்பைத் தாண்டினால் கசக்கும். சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி (அசைவத்தில் மீன் சாஸ் ஒரு மேசைக்கரண்டி), சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உடனே சூடான டோஃபு. ஒரு நிமிடம் பிரட்டி இறக்குங்கள். குழம்பாக இருக்காது, துருவல் துண்டுகளில் ஒட்டியிருக்கும். அதுதான் சரி.

சம்பல் தௌஹு

மலாய் அடுப்படியில் 'பெச்சா மிஞாக்' என்பார்கள், எண்ணெய் பிரிவது. நாம் சொல்லும் அதே பக்குவம், அதே கண் கணக்கு. ஊற வைத்த காய்ந்த மிளகாய் 12, சின்ன வெங்காயம் 10, பூண்டு 3 பல், வறுத்த பெலாச்சான் என்னும் புளித்த இறால் விழுது ஒரு தேக்கரண்டி (சைவத்துக்கு விட்டுவிட்டு உப்பைக் கூட்டுங்கள்), எல்லாம் சேர்த்து விழுதாக அரைத்து, கால் கப் எண்ணெயில் சிறு தீயில் பதினைந்து நிமிடமாவது வதக்குங்கள். விழுது கறுஞ்சிவப்பாகி எண்ணெய் மேலே மிதந்த பிறகுதான் புளிக்கரைசல் 3 மேசைக்கரண்டி, கருப்பட்டி ஒன்றரை மேசைக்கரண்டி. அதற்கு முன் புளியை ஊற்றினால் மிளகாயின் பச்சை வாடை உள்ளேயே தங்கிவிடும், வயிற்றையும் கலக்கும்.

இதற்குத் தௌ போக் கிடைத்தால் கெட்டி டோஃபுவைத் தேட வேண்டாம். பொள்ளலான உள்புறம் சம்பலை முழுக்கக் குடித்துக்கொள்ளும். பாதியாக வெட்டி, கொதிநீரில் அரை நிமிடம் முக்கிப் பிழிந்தால் கடையின் பழைய எண்ணெய் வாடை போகும்.

மீந்துபோனால்

பொரித்த டோஃபு சாஸில் கலக்காமல் இருந்தால் காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு நாள் ஃபிரிட்ஜில் இருக்கும். மைக்ரோவேவில் சுட வைத்தால் தோல் ரப்பராகும். தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் புரட்டினால் மொறுமொறுப்பில் முக்கால்வாசி திரும்பும். மாப்போ மறுநாள் நீர்த்திருக்கும். சிறு தீயில் சூடேற்றி, அரைத் தேக்கரண்டி கார்ன்ஃப்ளவரைக் கரைத்து விட்டு, சிச்சுவான் மிளகுப்பொடியைப் புதிதாக ஒரு சிட்டிகை தூவுங்கள். முதல் நாள் போட்டதன் மரமரப்பு பெரும்பாலும் மங்கியிருக்கும்.